மேசைக்குக் கீழே இன்னொரு ஜக்கு

தெற்குத் தோப்பு, ஏணியின் ஏழாவது படி
வியாழக்கிழமை

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கை, கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்துகொண்டு சொன்ன பேச்சைக் கேட்கின்றன. எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது, இதைப் போய் உன்னிடம் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம். ஆனால் அடித்த வரியைத்தான் நீ முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பாய். இருக்கட்டும். என் வாய் என்னைவிட நாலு எட்டு முன்னால் ஓடும் என்பது உனக்குத் தெரியாததா.

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. தபால்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டாலே சைக்கிளை அடுத்த தெருவுக்குத் திருப்புகிறார். நேற்று மடக்கிப் பிடித்தேன். "இல்லாத கடுதாசியை நான் எழுதியா தரமுடியும், போம்மா" என்றார். எழுதித் தந்தாலும் வாங்கிக்கொள்வேன், கையெழுத்து மட்டும் உன்னுடையதுபோலக் கோணலாக இருக்கட்டும் என்றேன். ஆஸ்பத்திரி ஊரில் நீ தங்கியிருக்கும் உன் சித்தி வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் சித்தி, "அவ குளிச்சிட்டு இருக்கா" என்றார். இப்படிக் குளித்தால் நீ ஊறி அப்பளம் போல ஆகிவிடுவாய், பார்த்துக்கொள்.

மாமா எப்படி இருக்கிறார்? உன் அப்பாவைப் பற்றி ஆஸ்பத்திரியில் இருந்து உன் சித்தப்பா கொண்டுவந்த செய்தியைக் கேட்டேன். நடுக்கம் குறையவில்லை, அத்தைதான் ஊட்டிவிடுகிறார், நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறது, உன் பேரைச் சொல்லிக் கூப்பிடவே திணறுகிறார் என்று தோப்புக்காரர் சங்கத்து வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில் குனிந்து ஷூ கயிறு கட்டுவதுபோலக் கேட்டேன். அந்தக் கயிற்றை நாலு முறை அவிழ்த்து நாலு முறை கட்டினேன்.

இனி என் கதை. நான் தேனீ ஆகிவிட்டேன். தேன்பெட்டிக்காரர் கடைசிப் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகிறது இல்லையா. "பெட்டி இருக்கு, குடியிருந்தவங்கதான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாரே, அவர்தான். தேனீ இல்லாவிட்டால் பேரிக்காய்ப் பூ பூவாகவே உதிர்ந்துவிடும் என்பது போன வருஷம் காலி மரங்களைப் பார்த்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நாள் விடுமுறை கொடுத்து, பூக்களுக்குக் கல்யாணத் தரகு பார்க்கும் வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். வேறு ஜாதிப் பேரி மரத்தின் பூவைப் பறித்து, மகரந்தத்தைக் காகிதத்தில் உலர்த்தி, சின்னக் குப்பியில் அடைத்துக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். கையில் ஒரு நீளக் குச்சி, குச்சி நுனியில் கோழி இறகு. இறகைக் குப்பிக்குள் தொட்டு ஒவ்வொரு பூவின் நடுவிலும் தடவ வேண்டும். ஒவ்வொரு பூவிலும். ஒரு மரத்தில் எத்தனை பூ என்று எண்ணத் தொடங்கி, ஆயிரம் வந்ததும் எனக்கே என்மேல் பரிதாபம் வந்து நிறுத்திவிட்டேன்.

கணக்கு வாத்தியார் கீழே நின்று மேற்பார்வை பார்க்கிறார். "ஏய் வாலு, அந்தக் கிளையில நாலு பூவை விட்டுட்ட" என்றார். "அந்த நாலும் இப்போ கல்யாணம் வேண்டாம், மேல படிக்கணும்னு சொல்லுதுங்க சார்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியிருக்கும்.

ஏணியைப் பிடிக்கவும் ஆள் இல்லை. ஒரு மரத்துக்கு இரண்டு பேர், ஒருத்தி மேலே ஒருத்தி கீழே என்பதுதான் விதி. வாத்தியாரின் பட்டியலில் என் பேருக்கு நேரே உன் பேர்தான் இன்னும் இருக்கிறது. அவரும் அடிக்கவில்லை, நானும் அடிக்கச் சொல்லவில்லை. ஏணியைக் கயிற்றால் கிளையில் கட்டிவிட்டு ஏறுகிறேன். மேலே வந்தால் அப்படி ஒரு நிசப்தம். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, ஒரு ரீங்காரம் கிடையாது. ஆறு மரம் தள்ளி யாரோ மூக்கைச் சிந்துவது இங்கே கேட்கிறது.

இன்னொரு செய்தி. உன் சித்தப்பா சொல்லியிருப்பார், இருந்தாலும் என் வாயால் நீ கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியதற்குப் பூச்சிமருந்துக் கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறது. சங்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மாமாவுக்கும் மற்ற ஆறு பேருக்கும் வந்த நடுக்கம் தோப்புக்கு அடிக்கும் பச்சை டின் மருந்தால் வந்தது இல்லையாம். குடிகாரர்களுக்கு இப்படித்தான் கை நடுங்குமாம். சோடா குடித்தாலே தலை சுற்றுகிறது என்று பாதியை என்னிடம் தள்ளிவிடுகிற மாமாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இதற்குச் சாட்சி யார் என்றால், என் அப்பா. "எங்கள் விற்பனையாளர் இதே மருந்தை நாற்பது கூட்டங்களில் எல்லோர் முன்னிலையிலும் குடித்துக் காட்டியிருக்கிறார், இன்றுவரை பூரண நலத்துடன் இருக்கிறார்" என்று ஒரு வரி. இருபதாம் தேதி அரசாங்கத்தில் இருந்து விசாரணை அதிகாரி வருகிறார். அவர் கண்ணெதிரே அப்பா இன்னொரு முறை குடித்துக் காட்ட வேண்டுமாம். அதை வைத்துத்தான் மாமா நோயாளியா குடிகாரரா என்று எழுதப்போகிறார்கள்.

இதற்குமேல் இந்தக் கடிதத்தில் எழுத முடியவில்லை. மகரந்தம் கண்ணில் விழுந்துவிட்டது. நிஜமாகவே விழுந்தது, சந்தேகப்படாதே.

உன் பதிலுக்குத் தபால்காரரைத் துரத்திக்கொண்டிருக்கும்,
வாலு


கடைக்கு மேல் மாடி அறை
ஞாயிறு, மதியம்

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நீ நலமா என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அதை எழுதிவிட்டு இரண்டு பென்சில்களை முழுசாகச் சீவித் தீர்த்தேன். இனிச் சீவுவதற்கு என் விரல்தான் பாக்கி, அதனால் எழுதிவிடுகிறேன்.

நமக்குப் பதினோரு வயதில் அந்தப் புழு வருஷம் வந்ததே, நினைவிருக்கிறதா? பேரிக்காயைக் கடித்தால் உள்ளே முழுப் புழு இருக்குமா பாதிப் புழு இருக்குமா என்று பந்தயம் கட்டுவோம். பாதி இருந்தால் கடித்தவள் துப்ப ஓட வேண்டும். அந்த வருஷம் சந்தையில் இருந்து கூடை கூடையாகக் காய் திரும்பி வந்தது. உங்கள் தோப்பில் மாமா ஒவ்வொரு காயாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் குழிக்குள் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது எங்கள் கடையில் ஆணி, கயிறு, மண்வெட்டிப் பிடி, இவ்வளவுதான் சரக்கு. கம்பெனிக்காரர் ஒரு வேனில் பச்சை டின்னோடு வந்து இறங்கினார். அப்பாவுக்கு மூன்று நாள் பாடம் எடுத்தார். டின்னில் மண்டையோட்டுப் படம் போட்டிருப்பதால் ஜனங்கள் தொடவே பயப்படுவார்கள், எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் கலந்து குடித்துக் காட்டினால் பயம் போய்விடும் என்றார். "நாங்க எல்லாருமே இப்படித்தான் சார் காட்டுறோம். பூச்சிக்குத்தான் விஷம், மனுஷனுக்கு ஒண்ணும் செய்யாது" என்றார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மா, "அதைக் குடிச்சிட்டு இந்த வீட்டுப் படி ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா, "பயமெல்லாம் இல்ல. எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது, அதான் பார்க்கிறேன்" என்றார். அந்த மருந்தைத் தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெள்ளையாகிவிடும் என்பது உனக்குத் தெரியும். என் கையில் அப்போது ஒரு டம்ளர் பால் இருந்தது. "அப்போ பாலைக் குடிங்கப்பா. பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுதான், சோடாபுட்டி. நாற்பது கூட்டத்திலும் அப்பா குடித்தது பால். யோசனை என்னுடையது. அப்பா சொல்லி நான் செய்தேன் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் அது இன்னொரு பொய்.

எப்படி என்று கேட்பாய். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி ஜக்கு. மேசைக்குத் தரைவரை தொங்கும் துணி. அப்பா மேலே இருக்கும் ஜக்கில் மருந்தைக் கலப்பார், தண்ணீர் வெளுக்கிறதை எல்லோரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில்தான் நான் முன்னால் வந்து புழு சாகிற நாடகம் போடுவேன். நெளிந்து, துடித்து, ஒரு காலை மட்டும் ஆட்டி, எழுந்து உட்கார்ந்து "எனக்கு நாலு பிள்ளைகுட்டி இருக்கு சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டு, மறுபடி விழுந்து சாவேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். முதல் வரிசையில் நீ சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய். அதற்குள் அப்பா ஜக்கைக் கீழே வைத்து, கீழே இருப்பதை மேலே எடுத்து வைத்துவிடுவார். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வருமே, அது மூடாத டின்னில் இருந்து வந்துகொண்டே இருக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்? இதுவரை நான் செய்த சேட்டைகளிலேயே யாரிடமும் மாட்டிக்கொள்ளாத சேட்டை இது ஒன்றுதான். உன்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

பிறகு நடந்தது எல்லாம் உனக்கே தெரியும். முதல் வருஷம் மருந்து அடித்த மறுநாள் மரத்தடியில் புழு மழை. காய் எல்லாம் மெழுகு பூசினதுபோல வந்தது. சைக்கிள் கடைக்காரர்கூட வீட்டுப் பின்னால் இரண்டு பேரி மரம் நட்டார். டின்னோடு இனாமாக வந்த கையுறையை உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வைத்துக்கொண்டீர்கள். "குடிக்கிற சாமானைத் தொடுறதுக்கு எதுக்கு உறை" என்று அத்தை கேட்டார். மாமா வெறுங்கையால் கலக்குவார். மருந்து தெளிக்கிற குழாயின் நுனியில் இருக்கும் நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவார். ஊதிவிட்டு, சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொள்வார். நானும் நீயும் எதிரே உட்கார்ந்து காய் தின்றுகொண்டிருப்போம்.

இரண்டாம் வருஷம் செம்பேன் வந்தது. தூசி மாதிரி சிவப்பாக, இலைக்கு அடியில். தோப்பு முழுக்க இலை துருப்பிடித்த தகரம் போல ஆனது. பேனைத் தின்று வாழ்ந்த பொறிவண்டுகளைப் புழுவோடு சேர்த்து நாமே கொன்றுவிட்டோம் என்று அறிவியல் டீச்சர் வகுப்பில் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. மருந்தை இரண்டு மடங்கு கலந்தார்கள். அடுத்த வருஷம் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் அடித்ததை வாரம் ஒரு தரம் அடித்தார்கள். எங்கள் கடையில் ஆணி வைத்திருந்த தட்டிலும் டின் வந்து உட்கார்ந்தது. ஆணி கேட்டு வந்தவர்களும் டின் வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு தேனீ போனது. அதற்குப் பிறகு மாமாவின் கை.

அப்பாவிடம் கேட்டேன், இருபதாம் தேதி என்ன செய்யப்போகிறீர்கள் என்று. "உன் வேலையைப் பாரு" என்றார். அதிகாரி தன்னுடைய டின்னையும் தன்னுடைய ஜக்கையும் கொண்டுவருகிறாராம். மேசைக்குத் துணி போடக்கூடாது என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறாராம். அப்பா கெட்டவர் இல்லை. நீயும் அவர் தோளில் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறாய். சொல்லிச் சொல்லி, தான் குடித்தது மருந்துதான் என்று அவரே நம்பிவிட்டாரோ என்று எனக்குச் சில சமயம் தோன்றுகிறது.

நான் வாயைத் திறந்தால் என் அப்பா ஊரை ஏமாற்றியவர். திறக்காவிட்டால் உன் அப்பா குடிகாரர். இருபதாம் தேதிக்குள் ஒரு வரி எழுது. "சொல்" அல்லது "சொல்லாதே". இரண்டெழுத்தோ நாலெழுத்தோ, உன் வசதி. கையெழுத்துகூட வேண்டாம்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அதைச் சொல்ல உனக்கு மனசு வராவிட்டால், சொல்ல வேண்டாம்.

வாலு


அதே மாடி அறை
இருபத்திரண்டாம் தேதி

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

உன் வரி வரவில்லை. அதனால் நானே முடிவு செய்ய வேண்டியதாகிவிட்டது. என்ன நடந்தது என்று ஊரில் பத்து விதமாகச் சொல்கிறார்கள், நான் நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா என்னிடம், "நீ அங்க வராதே" என்றார். வழக்கமாகக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது சமையலறைக்குப் போய்ப் பாலை எடுத்துக்கொள்வார். அன்றைக்குச் சமையலறைப் பக்கமே போகவில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் பின்னாலேயே போனேன்.

சங்கத்துக் கூடத்தில் உட்கார இடம் இல்லை. நான் பின்பக்க ஜன்னலோரம் நின்றேன். அதிகாரி ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே மேசைமேல் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கம்பெனி வக்கீல். முதல் வரிசையில் உன் சித்தப்பா. அதிகாரி டின்னின் முத்திரையை எல்லோருக்கும் காட்டி உடைத்தார். ஒரு மூடி ஊற்றினார். தண்ணீர் வெளுத்தது. ஒரு டம்ளரில் ஊற்றி அப்பா முன்னால் வைத்து, "கட்டாயம் இல்ல. வேண்டாம்னா சொல்லுங்க" என்றார். அப்பா, "நாற்பது தரம் குடிச்சாச்சும்மா" என்றார். குரல் கணீரென்றுதான் இருந்தது.

நாற்பது கூட்டத்திலும் அப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார். அன்றைக்கு டம்ளரைக் கையில் எடுத்து உள்ளே பார்த்தார். பிறகு அதை வாய்ப்பக்கம் உயர்த்தினார். அவர் குடிக்கத்தான் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"அப்பா, அது பால் இல்ல" என்றேன்.

கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னேன். கூடத்தில் அவ்வளவு அமைதி, எல்லோருக்கும் கேட்டுவிட்டது. முதலில் சிரித்தது டீக்கடைக்காரர். "வாலு ஆரம்பிச்சுட்டாடா" என்றார். அவ்வளவுதான், மொத்தக் கூடமும் சிரித்தது. வக்கீல்கூடச் சிரித்தார். நான் வாயைத் திறந்தாலே சிரிக்க வேண்டும் என்று இந்த ஊருக்கு ஐந்து வருஷமாகப் பழக்கிவைத்தது நான்தானே. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. டம்ளர் வாய்க்கு நாலு விரல் தள்ளி நின்றது. இரண்டு மூன்று சொட்டு சிந்திச் சட்டையில் விழுந்தது.

சிரிப்பு நடுவிலேயே நான் முன்னால் போனேன். அதிகாரி, "என்ன பால்?" என்று கேட்டார். சொன்னேன். ஜக்கு, துணி, டின் வாடை, எல்லாம். சொல்லச் சொல்லச் சிரிப்பு பின்வரிசையில் இருந்து ஒவ்வொருவராக அடங்கிக்கொண்டு வந்தது. வக்கீல் எழுந்து, இது விளையாட்டுப் பிள்ளை, ஊரே சொல்லும், இதன் பேச்சை எழுதிக்கொள்ளக்கூடாது என்றார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "இத்தனை பேர் பார்த்துட்டு இருக்கும்போது ஜக்கை எப்படி மாத்த முடியும்?" என்று என்னிடம் கேட்டார்.

"அவங்க என்னைப் பார்த்துட்டு இருந்தாங்க" என்றேன்.

"நீ என்ன செஞ்ச?"

"புழு மாதிரி செத்தேன்."

"செஞ்சு காட்டு" என்றார்.

செய்து காட்டினேன். எல்லோர் முன்னாலும் சிமென்ட் தரையில் படுத்து நெளிந்தேன், துடித்தேன், ஒரு காலை ஆட்டினேன். எழுந்து உட்கார்ந்து, "எனக்கு நாலு பிள்ளைகுட்டி இருக்கு சார்" என்று கும்பிட்டேன். மறுபடி விழுந்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கீழே கிடந்தபடி பார்த்தால் எல்லோருடைய செருப்பும் தெரிந்தது. எழுந்திருக்கவே தோன்றவில்லை.

உன் சித்தப்பா எழுந்து மேசையருகே வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தாலும் சரிதான். அப்பா கையில் இருந்த டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தார். "போதும்" என்றார். அப்பாவிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியவில்லை.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஏழு பேரையும் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டே வைத்தியம் தொடர வேண்டும், அதற்கான மருந்தை உடனே வரவழைக்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். குடிப்பழக்கம் என்ற வார்த்தையை அவர் பேனாவால் அடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு கோடு போட்டு அடித்தார். பச்சை டின்னை விற்கக்கூடாது என்று மறுநாளே தாள் ஒட்டிவிட்டார்கள்.

வெளியே வந்தபோது ஜனங்கள் எனக்கு வழிவிட்டு நின்றார்கள். காய்கறிக்கடை அக்கா மட்டும், "அன்னிக்கு நாங்க சிரிச்ச சிரிப்பை நினைச்சா இப்ப வயிறு எரியுதுடி" என்றார். திட்டின மாதிரியும் இல்லை, அழுத மாதிரியும் இல்லை. அவர் வீட்டுக்காரருக்கும் இப்போது விரல் மரத்துப்போகிறதாம்.

அப்பா கடையைத் திறக்கவில்லை. நேற்று சாயங்காலம் காலித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ சொல்லலேன்னா குடிச்சிருப்பேன்" என்றார். தெரியும் என்றேன். "குடிச்சிருக்கணும்" என்றார். நான் கடை விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பதில் எழுதினால் மகிழ்வேன் என்று முடிப்பதுதான் முறை. மகிழ்வேனா என்று தெரியவில்லை. ஆனால் எழுது.

வாலு


தெற்குத் தோப்பு
மாதக் கடைசி

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நாம் தொட்ட பூக்களில் பாதி காயாகப் பிடித்திருக்கிறது. நாம் என்று எழுதுவது பட்டியலில் உன் பேரும் இருப்பதால். நம் மரத்தில் விரல் நுனி அளவுக்குக் காய் வந்திருக்கிறது. நான் விட்ட அந்த நாலு பூவும் உதிர்ந்துவிட்டன.

பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றுமே சொல்வதில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாததால் நான் பையைப் படுக்கவைத்துக்கொண்டு விஸ்தாரமாக உட்கார்ந்திருக்கிறேன். கணக்கு வாத்தியார் வருகை எடுக்கும்போது என் பேருக்கு மட்டும் நிமிர்ந்து பார்க்கிறார், ஏதாவது ஜோக் அடிப்பேன் என்று. "வந்திருக்கேன் சார்" என்று மட்டும் சொல்கிறேன். அப்பா தினமும் ஒவ்வொரு வீடாகப் போகிறார். கதவைத் திறப்பவர்களிடம், தான் குடித்தது பால்தான் என்று சொல்கிறார், திறக்காதவர்கள் வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வருகிறார். அம்மா அவரோடு போகிறார். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்கள்.

இந்தக் கடிதம் எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதினேன் இல்லையா. ஒன்றைச் சொல்லவில்லை. அதிகாரி கடைசியாக என்னிடம், "யாராவது நேரா உங்கிட்ட வந்து, இது நிஜமான்னு கேட்டிருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் பக்கத்தில் நின்ற அப்பாவுக்குக்கூட அது பொய் என்று தெரியாது.

கேட்டிருக்கிறார்கள். ஒரே ஒருவர் கேட்டார். செம்பேன் வந்த வருஷம், உங்கள் தோப்பில். நீ தண்ணீர் எடுத்துவரப் போயிருந்தாய். மாமா நாசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உண்மையைச் சொல்லும்மா, உங்கப்பா நெஜமாவே இதைத்தான் குடிக்கிறாரா?" என்று கேட்டார். ஒரு நிமிஷம் எனக்குப் பயமாக இருந்தது, சொல்லிவிடலாம் என்றுகூட வாய் வரை வந்தது. ஆனால் அவ்வளவு நல்ல சேட்டையைக் கெடுக்க மனசு வரவில்லை. "நானே என் கையால ஊத்திக் குடுக்கிறேன் மாமா" என்றேன். "அப்படின்னா சரி" என்று சொல்லிவிட்டு வாயில் வைத்து ஊதினார்.

அவர் என் அப்பாவை நம்பவில்லை, சோடாபுட்டி. என்னைத்தான் நம்பினார்.

அதிகாரிக்கும் இதை எழுதி உறையில் போட்டுவிட்டேன். உனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று அதை நாளைக்குத்தான் பெட்டியில் போடுகிறேன். எனக்கு நீ பதில் எழுத வேண்டும் என்று இனிக் கேட்கமாட்டேன். தபால்காரரையும் விட்டுவிட்டேன், பாவம், நேர்வழியில் போகட்டும்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக்காட்டு. எதையும் விட்டுவிடாமல், என் ஜோக்கையும் சேர்த்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படி. அவர் கோபப்படுவார். பேச்சு குழறினால் நீ முடித்துக்கொடுக்காதே, அவரே சொல்லட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திரு. நாக்கு தேறி, ஒரு வார்த்தை பிசகாமல் அவர் என்னைத் திட்டுகிற நாள் வர வேண்டும். அந்த நாள் வந்ததும் அவர் திட்டியதை அப்படியே எழுதி அனுப்பு. ஒரு வார்த்தைகூடக் குறைக்காதே.

மாமா நன்றாக இருக்கட்டும். நீயும்.

வாலு